மீன் முட்டும் இடம்: அகத்தியமலை அருவிப் பெயர்களில் படிந்த வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில் அருவிக்கரை என்றோர் ஊர் உண்டு. பெயரை நம்பி அங்கே அருவி தேடிச் செல்லும் தமிழர் ஏமாந்தே திரும்புவார். கரமனையாறு பாறைகளினூடே ஓடும் அவ்விடத்தில் இருப்பவை ஒரு பகவதி கோயிலும், பக்தர்கள் மீன்களுக்குப் பொரியிடும் ஆற்றுத்துறையும், தலைநகருக்குக் குடிநீர் தரும் அணையும்தான். வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரில் 1933இல் தொடங்கிவைக்கப்பட்ட நீர்வழங்கல் திட்டம் இங்கிருந்தே நகரத்துக்கு நீர் கொண்டுசென்றது. உயரத்திலிருந்து விழும் நீர் எதுவும் அங்கில்லை.

ஊருக்குப் பெயரிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. தமிழில் இன்று ‘அருவி’ என்றால் பாறையிலிருந்து விழும் நீர். மலையாளத்தில் அச்சொல் சிற்றோடையையும் குறிக்கும். விழும் நீரைக் குறிக்க ‘வெள்ளச்சாட்டம்’ என்ற சொல் தனியே உண்டு. வெள்ளம் என்பது அங்கே நீர்; சாட்டம் என்பது குதிப்பு. அதே வேளையில் கொல்லம் மாவட்டத்தின் பாலருவி விழும் நீர்தான். ஆக, மலையாள அருவி இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. ‘நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு; அருவியே நற்றமிழ்’ என்று தமிழ்நாட்டில் அடிக்கடி எழும் வாதம் இவ்விரட்டைப் பொருளைக் கணக்கில் கொள்வதில்லை. சங்கப் பாடல்களில் அருவியோடு அடிக்கடி வரும் வினை ‘இழிதல்’. இழிதல் என்றால் இறங்குதல். மலைச்சரிவில் வெண்ணிறக் கோடாக நீண்டு இறங்கும் நீரும் பழந்தமிழருக்கு அருவியே. செங்குத்தாக விழுவதை மட்டும் அருவி எனக் கொள்ளும் இன்றைய வழக்கு பொருட்குறுக்கம் என்றே கொள்ளத்தக்கது. பழைய பொருளின் விரிவை அருவிக்கரை இன்னும் காத்துவைத்திருக்கிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமான விளக்கம் எதற்கு என்ற கேள்வி எழலாம். கரமனையாறு பிறக்கும் அகத்தியமலைத் தொடரில், நீர் இருக்கும் இடங்களின் வரலாறு பெரும்பாலும் எழுத்தில் இல்லை. அங்கே நடந்தவர்கள் விட்டுச்சென்ற பெயர்களிலேயே அது தங்கியிருக்கிறது. அருவியை யார், எந்தத் திசையிலிருந்து, எதற்காகச் சென்றடைந்தார்கள் என்பதைப் பெயர் சொல்லிவிடும். சுற்றுலாக் குறிப்புகள் இன்று ஓயாமல் எழுதும் ‘கண்டுபிடித்தல்’ என்ற சொல்லை ஐயத்தோடு பார்க்கவும் அப்பெயர்கள் கற்றுத் தருகின்றன.

முதலில் மழையின் கணக்கு. அகத்தியகூடம் எனப்படும் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். அதன் மேற்குச் சரிவிலும் அதையடுத்த மலைகளிலும் கரமனையாறு, நெய்யாறு, வாமனபுரம் ஆறு ஆகியவை தோன்றி அரபிக்கடலை நோக்கி ஓடுகின்றன. கிழக்கில் தாமிரபரணி தோன்றி 128 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஒரே மலையின் இரு முதுகுகள் இரு பருவங்களில் நனைகின்றன. ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி மேற்குச் சரிவை நனைக்கும்; அப்போது கிழக்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கும். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுக்கு உரியது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. கேரளத்தின் தென்கோடியிலும் அதன் பங்கு பெரிது. மலையாளத்தில் அதற்குத் துலாவர்ஷம் என்று பெயர். வடகேரளத்தின் மழை ஆடியோடு பெரும்பாலும் தீர்ந்துவிட, திருவனந்தபுரத்து மலைகள் கார்த்திகை வரை நனைந்துகொண்டிருக்கும்.

தென்தமிழகத்துக்கும் தென்கேரளத்துக்கும் குளிர்காலமே மழைக்காலமாவது இதனால்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாகி, தாமிரபரணி கரைகடந்து ஓடியது. அவ்வாறான மார்கழிகளுக்குப் பின் மழை ஓய்ந்தாலும் மலை நீரை விடுவது ஓய்வதில்லை. சோலைக்காட்டின் மக்கிய மண்ணும் சிகரத்தையொட்டிய புல்வெளிகளும் உறிஞ்சிய நீரைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. வானம் தெளிந்து, வழுக்கும் பாறை ஓரளவு காய்ந்து, ஓடைகளில் நீர் இன்னும் குறையாதிருக்கும் இடைவெளி தை, மாசி மாதங்கள். கேரள வனத்துறை அகத்தியகூட நடைப்பயணத்தை ஜனவரி நடுவில் திறந்து சிவராத்திரியை ஒட்டி மூடுவது இன்றைய நிர்வாக ஏற்பாடு. அந்தக் காலக்கணக்கோ நிர்வாகத்தைவிடப் பழையது. நடப்பவர்களுக்கு நீர் வேண்டும், மழை வேண்டாம். அவ்விரண்டும் ஒருசேர அமையும் வாரங்கள் ஆண்டில் இவை மட்டுமே.

பாதை விதுரைக்கு அப்பாலுள்ள போணக்காட்டில் தொடங்குகிறது. முதல் நாள் நடை அதிருமலை முகாமில் முடியும், மறுநாள் சிகரம். இவ்வழியிலுள்ள இடப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே நடையின் களைப்பு புலப்படும். கரமனையாற்றைக் கடந்தால் அட்டயாறு. அட்ட என்பது தமிழின் அட்டைதான். மழை ஓய்ந்த ஈரத்தில் கால்களில் ஏறும் உயிருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர். அடுத்து ஏழுமடக்கன் தேரி: ஏழு முறை மடங்கி ஏறும் சரிவு. பின்னர் முட்டிடிச்சான் தேரி. முட்டு என்பது முழங்கால். குமரி மாவட்டத் தமிழிலும் அதே பொருள். ஏறும்போது ஏறுபவரின் முழங்கால் அவருடைய நெஞ்சிலேயே வந்து இடிக்கும் செங்குத்து. அதிருமலை என்றால் எல்லை மலை. சிகரத்துக்குக் கீழுள்ள பொங்காலப்பாறை பொங்கல் வைக்கும் பாறை. ‘தேரி’ என்ற சொல்லைத் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தமிழர் செம்மணல் மேட்டுக்கு வழங்குகிறார்கள். இங்கே அது மலைச்சரிவு. கடலோரத்து மணல்மேடும் காட்டுச் சரிவும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதற்குக் காரணம், இரண்டும் ஏறுபவரின் காலை ஒரே மாதிரி சோதிப்பதுதான் போலும்.

அழகைப் புகழும் பெயர் இவ்வரிசையில் ஒன்றுகூட இல்லை. உடம்பு உணர்ந்ததையே இவை சொல்கின்றன: கடித்தது, மடங்கியது, இடித்தது. சுமையோடு நடந்தவர்களின் சொற்கள் இவை.

அருவிப் பெயர்களிலும் இவ்வியல்பைக் காணலாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே மீன்முட்டி என்ற பெயரில் இரண்டு அருவிகள் உள்ளன. ஒன்று பொன்முடி செல்லும் வழியில் கல்லாற்றில். மற்றொன்று நெய்யாற்று அணைக்கு மேலே காட்டுக்குள். வயநாட்டில் மூன்றாவதொரு மீன்முட்டி உண்டு. ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் ஒரே பெயர் தோன்றினால், அது தனிப்பெயராக இருந்தது என்பதைவிட நில அமைப்பைக் குறிக்கும் பொதுப்பெயராக இருந்தது என்பதே பொருத்தம். மீன் வந்து முட்டும் இடம் மீன்முட்டி. முதல் மழையின் புதுவெள்ளத்தில் சில மீனினங்கள் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். கேரளத்தில் இதற்கு ‘ஊத்த’ என்று பெயர். வயல்களும் ஓடைகளும் அப்போது மீன்பிடிப்போரால் நிறையும். அவ்வாறு ஏறிவரும் மீன் ஓரிடத்தில் பாறைச்சுவரை எதிர்கொண்டு மேலே போக வழியின்றி நிற்கும். அந்த இடத்துக்கு அருவி என்றோ வெள்ளச்சாட்டம் என்றோ பெயரிடத் தோன்றாமல் ‘மீன்முட்டி’ என்று ஒருவர் பெயரிட்டார் என்றால், அவர் கீழிருந்து ஆற்றுவழியே ஏறி வந்தவர், மீனைப் பின்தொடர்ந்து வந்தவர், நீர் விழுவதைக் காட்டிலும் மீன் நிற்பதை முக்கியமாகக் கண்டவர் என்பது தெளிவு. அருவியை மீனின் பக்கத்திலிருந்து பார்த்த பெயர் அது.

சிகரத்தின் மறுபக்கம் இறங்கினால் பெயர்கள் முற்றிலும் வேறு. பாபநாசத்தையொட்டி அகத்தியர் அருவி, அதற்கு மேலே கல்யாண தீர்த்தம், காரையாற்றுக்கு அப்பால் பாணதீர்த்தம். தீர்த்தம் என்ற வடசொல் முதலில் ஆற்றைக் கடக்கும் துறையையும், பின்னர் புனித நீராடும் இடத்தையும் குறித்தது. இப்பெயர்களை வைத்தவர்களும் ஏறி வந்தவர்களே. ஆனால் மீனுக்காக வந்தவர்களல்லர். அகத்தியரின் இருப்பிடத்தை நோக்கி நடந்து, வழியில் நீராடி, பாவம் தீர்த்துக்கொண்டவர்கள். பாபநாசம் என்ற ஊர்ப்பெயரே அவ்வழிப் பயணத்தின் நோக்கத்தைச் சொல்கிறது. மேற்கே பெயர் உழைப்பிலிருந்தும் கிழக்கே பெயர் புராணத்திலிருந்தும் பிறந்தன என்று இருகூறாகப் பிரித்துவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. பொங்காலப்பாறை மேற்கே இருக்கிறது. இஞ்சிக்குழி, மயிலாறு, சேர்வலாறு எனப் புராணச் சாயல் இல்லாத பெயர்கள் கிழக்கே இருக்கின்றன. இரு பக்கங்களிலும் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பெயர்களின் மூன்றாம் அடுக்கு தேயிலையோடு வந்தது. போணக்காடு என்ற பெயரில் ‘காடு’ ஒலிப்பதைக் கேட்டு அதைத் தமிழ்ச் சொல்லாகவோ மலையாளச் சொல்லாகவோ கொள்பவர் பலர். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘போன் அக்கார்டு’. பிரெஞ்சு மொழியில் நல்லிணக்கம் என்று பொருள்படும் இத்தொடர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தின் குறிக்கோள் வாசகமும் ஆகும். தென்னிந்திய மலைத்தோட்டங்களில் ஸ்காட்டியர் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எண்ணும்போது இவ்வொற்றுமை தற்செயலாகத் தோன்றவில்லை. அயல்மொழித் தொடர் உழைப்பாளர் நாவில் காடாக மாறிவிட்டது. அத்தோட்டத்தை ஒட்டிய அருவிக்கு வழங்கும் ‘போண ஃபால்ஸ்’ என்ற பெயர் அருவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது எந்தத் தோட்டத்துக்கு அருகில் உள்ளது என்பதை மட்டும் சொல்கிறது. தோட்டமோ இன்று நலிந்து கிடக்கிறது. லயங்களில் சில குடும்பங்கள் எஞ்சியிருக்கின்றன.

இத்தகைய அடுக்குகள் இம்மலைக்கு மட்டும் உரியவையல்ல. இலங்கையின் மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள டெவோன் அருவிக்கு ஆங்கிலேயக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் பெயரே நிலைத்துவிட்டது. அதன் சாரலில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழர் அதனை என்ன சொல்லி அழைத்திருப்பார்கள் என்பதைப் பெயர்ப்பலகை தெரிவிக்காது. இங்கிலாந்தின் வடமேற்கு மலைகளில் அருவிகளின் பெயரீற்றில் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல் வரும். ‘அய்ரா ஃபோர்ஸ்’ ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் வலிமை எனப் பொருள்படும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. அருவியைக் குறிக்கும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லான ‘ஃபோர்ஸ்’ அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவிய மரபினர் அங்கே குடியேறினார்கள் என்பதற்கு அவர்களுடைய மொழி அங்கே அழிந்த பின்னும் அருவிகள் சாட்சி சொல்கின்றன. ஒரு மொழி ஒரு நிலத்தைவிட்டு நீங்கும்போது கடைசியாக விட்டுச்செல்பவற்றுள் நீர்நிலைப் பெயர்களும் அடங்கும் என்பது பெயராய்வில் நன்கறிந்த செய்தி.

அகத்தியமலையைப் பற்றி எழுத்தில் பதிவான முதல் பெரும் அறிவியல் முயற்சி இப்பெயர்கள் எவற்றையும் தேடி வந்ததன்று. சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் 1849இல் இறந்தார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் ஆய்வகத்தில் புவிகாந்தத்தை அளந்து பழகியவர். கடல்மட்டத்தை ஒட்டிய நகரத்திலும் உயரமான ஓரிடத்திலும் ஒரே நேரத்தில் அளவீடுகள் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று அவர் விரும்பினார். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், 1855இல், அகத்தியமலைச் சிகரத்தை ஒட்டி ஆறாயிரம் அடி உயரத்தில் ஓர் ஆய்வகம் எழுந்தது. மழையும் மூடுபனியும் காட்டு யானையும் நிறைந்த அவ்வுயரத்தில் காந்தமானிகளை நிறுவி, ஆட்களை இருத்தி, முறை வைத்து அளவெடுப்பது எளிய செயலன்று. பூமியின் காந்தப்புலத்தில் நாளுக்கு நாள் நேரும் மாறுதல்கள் உலகின் பல பகுதிகளில் ஏறக்குறைய ஒருசேர நிகழ்கின்றன என்ற அவருடைய புகழ்பெற்ற முடிவுக்கு இத்தகைய நெடுங்கால அளவீடுகளே அடித்தளம். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவீடுகளின் பெருந்தொகுதி 1874இல் லண்டனில் வெளியானது. தொகுதி 1869 வரையிலான அளவுகளை உள்ளடக்கியது. பிரௌனோ 1865இலேயே இந்தியாவை விட்டுச் சென்றுவிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பு இந்திய உதவியாளர்களுடையது.

அத்தொகுதியின் தலைப்பில் மலையின் பெயர் ‘அகஸ்டியா மல்லே’ என ஒலிக்கும்படி ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. மலையாளத்தில் இச்சொல் ‘மல’ என அகரத்தில் முடியும். ஐகாரம் தமிழுக்கு உரியது. சென்னை மாகாண அலுவலகங்களின் எழுத்துவழக்கு பிரௌனின் பேனாவைப் பழக்கியிருக்கலாம். அல்லது அவரைச் சூழ்ந்தவர்களின் வாயிலேயே அது மலையாக இருந்திருக்கலாம். எப்படியாயினும், சமஸ்தானத் தலைநகரிலிருந்து புறப்பட்ட அறிவியல் நூலொன்று இம்மலையைத் தமிழ் ஒலிப்பில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இன்னொரு சுவையான ஒற்றுமையும் உண்டு. சிகரத்தில் ஆய்வகம் எழுந்த மறு ஆண்டு, 1856இல், இராபர்ட் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அவர் பணியாற்றிய இடையன்குடி இதே மலைத்தொடரின் கிழக்கே, நெல்லைச் சீமையில் உள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த ‘பெட்டிகோ’ மலையைப் பொதிகையோடு இணைத்துக் காட்டியவரும் கால்டுவெல்லே. மலையின் ஒரு பக்கத்தில் காந்த ஊசியின் அசைவும் மறுபக்கத்தில் சொற்களின் உறவும் ஒரே ஆண்டுகளில் அளக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அவ்வளவுக்கும் அடியில் பெயரற்றவர்களின் நடை இருக்கிறது. வண்டிப்பாதை இல்லாத சிகரத்துக்குக் கருவிகளும் கட்டடப்பொருள்களும் மனிதத் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். எந்த ஓடையில் நிற்பது, எந்தப் பாறையில் கால் வைப்பது, நீர் எங்கே கிடைக்கும் என்பவற்றைக் காடு அறிந்தவர்களே சொல்லியிருக்க முடியும். முட்டிடிச்சான் என்ற பெயரை வைத்தவர் அச்சுமைக்கு முந்தியவரா பிந்தியவரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் சுமந்து ஏறியவர் என்பது மட்டும் உறுதி.

காடு அறிந்தவர்கள் என்றால் முதன்மையாகக் காணிக்காரர். சாமுவேல் மட்டீர் 1883இல் வெளியிட்ட திருவிதாங்கூர் நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் இவர்களைப் பற்றிய பகுதிகள் உண்டு. காணி என்பது வழிவழியாக வந்த நிலவுரிமை. காணிக்காரர் என்றால் அவ்வுரிமை உடையோர் என்றே இனப்பெயர் விளக்கப்படுகிறது. ஓணக் காலத்தில் தேனும் காட்டு விளைபொருளும் ஏந்திக் கவடியார் அரண்மனைக்குச் சென்று காணிக்கை வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மன்னரைக் காட்டில் காத்ததன் நினைவாக இதனை அவர்கள் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் கலந்தது போன்று வெளியாருக்குத் தோன்றும் அவர்களுடைய பேச்சுக்கு மலம்பாசை என்று பெயர். அதைக் கலப்புமொழி என்று ஒதுக்குவது சோம்பலான தீர்ப்பு. இரு பெருமொழிகளின் எல்லை அரசியலால் வரையப்படுவதற்கு முன்பிருந்த தொடர்ச்சியின் ஓர் இழையாகவும் அதைப் பார்க்க இடமுண்டு. நெய்யாற்று மீன்முட்டிக்கு அப்பாலுள்ள அருவியின் பெயர் கொம்பைக்காணி. அதன் ஈற்றிலுள்ள காணி நிலமா மனிதரா என்று இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை; இரண்டில் எதுவாயினும், உரிமை கொண்டாடிய ஒருவரை அச்சொல் சுட்டுகிறது.

இம்மலையில் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லின் நிலை என்ன என்பதற்கு 1987ஆம் ஆண்டு நிகழ்வைவிடத் தெளிவான சான்று இல்லை. புஷ்பாங்கதன் தலைமையிலான தாவரவியல் குழு ஒன்று காணி வழிகாட்டிகளோடு அகத்தியமலைக் காட்டில் நடந்துகொண்டிருந்தது. அறிஞர்கள் களைத்துப்போனார்கள்; வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் அவ்வப்போது ஏதோ ஒரு சிறு செடியின் காய்களை மென்றுகொண்டிருந்தார்கள். பலமுறை கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என இன்று அறியப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்புரிமை கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகையிலும் ஆதாயப்பங்கிலும் பாதி காணி மக்களுக்குச் சேர வேண்டும் என்று முடிவாகி, 1997இல் அதற்கென அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. மரபறிவுக்கு ஈடு தந்த உலகின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இது பாடநூல்களில் பேசப்படுகிறது. செடிக்குக் கிடைத்த அந்தக் குறைந்தபட்ச ஒப்புகை பாதைக்கும் ஓடைக்கும் அருவிக்கும் இதுவரை கிடைத்ததில்லை. ஓர் அருவிக்கு வழி காட்டுபவர் அன்றைய கூலியோடு கணக்கு முடித்துக்கொள்கிறார்.

காணி என்ற சொல்லின் கனம் 2019இல் எதிர்பாராத விதத்தில் வெளிப்பட்டது. பெண்கள் சிகரம்வரை செல்ல நெடுங்காலமாக இருந்த தடையை எதிர்த்துப் பெண்ணமைப்புகள் தொடுத்த வழக்கில், 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலினப் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. மறு ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் சிகரமேறினார். காணி மக்கள் போணக்காட்டில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், யாரையும் வழிமறிக்கவில்லை. அரசு நடத்தும் நடைப்பயணத்தில் பாதிக் குடிமக்களை விலக்கிவைக்க நியாயம் ஏதுமில்லை, தீர்ப்பு சரியானதே. ஆனால் அச்செய்திகளில் காணிகளின் குரல் மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டதும் உண்மை. தங்கள் முனிவரின் இருப்பிடம் என்று அவர்கள் சொன்னதில், தங்கள் மலை என்ற உரிமைப் பேச்சும் இருந்தது. நாளொன்றுக்கு நூறு பேர்வரை முன்பதிவு செய்து ஏறும் ஒரு மலைக்கு, பெயர் அறிந்தவர்கள் யார், முடிவெடுப்பவர்கள் யார் என்ற கேள்வியை நீதிமன்றத்தின் முன் யாரும் வைக்கவில்லை.

அருவிகளை அடையும் வழியையே மாற்றியவை அணைகள். பாபநாசம் அணை 1940களில் எழுந்தபோது காரையாற்றுப் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமாயிற்று. நடந்து சென்று நீராடிய பாணதீர்த்தத்துக்குப் பின்னாளில் படகில் செல்லும் வழக்கம் வந்தது. நெய்யாற்று அணை 1958ஆம் ஆண்டினது. அங்கும் மீன்முட்டிக்கும் கொம்பைக்காணிக்கும் செல்வோர் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்த பின்னரே நடக்கத் தொடங்குகிறார்கள். கரமனையாற்றில் அருவிக்கரைக்கு மேலே 1983இல் பேப்பாறை அணை சேர்ந்தது. புலிகள் காப்பகமும் சரணாலயங்களும் உயிர்க்கோளக் காப்பகமும் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அகத்தியமலை இடம்பெற்றது. களக்காடு முண்டந்துறைக் காட்டின் வழியே செல்லும் தமிழகப் பழம்பாதை மூடப்பட்டிருப்பதால், நெல்லைச் சீமையின் அகத்தியர் அடியார்களும் இப்போது திருவனந்தபுரம் வந்தே ஏறுகிறார்கள். காட்டுக்கு இவை பெரும்பாலும் நன்மையே செய்தன. மழைக்காலத்தில் வழுக்கும் பாறைகளில் உயிர்ப்பலி நிகழும் கல்லாறு போன்ற இடங்களில் கட்டுப்பாட்டின் தேவையை யாரும் மறுக்க முடியாது.

பெயர்களின் நிலை வேறு. சாலையோரப் பலகைகளில் மீன்முட்டி இப்போது ‘மீன்முட்டி வாட்டர்ஃபால்ஸ்’. பெயருக்குள்ளேயே இருந்த பொருள் மறைந்ததால்தான் அதன்மேல் இன்னொரு பெயர்ச்சொல்லை ஒட்ட வேண்டியதாயிற்று. நெய்யாற்றில் அப்பெயரின் உண்மையும் மாறிவிட்டது. கடலோரச் சமவெளியிலிருந்து புதுவெள்ளத்தில் ஏறிவரும் மீன், 1958க்குப் பின், முட்டும் முதல் இடம் அணைச்சுவர். மேலேயுள்ள பாறைவரை அது வருவதே இல்லை.

மலம்பாசையில் அவ்விரு மீன்முட்டிகளுக்கும், போணக்காட்டு அருவிக்கும், பலகை ஏதும் இல்லாத நூற்றுக்கணக்கான சிற்றோடைகளுக்கும் வழங்கும் பெயர்கள் முதியவர்களின் பேச்சிலும் சாற்றுப்பாட்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. காணி மரபில் நோய் தீர்க்கப் பாடும் பிலாத்தி, மலைகளையும் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். நில அளவைத் துறையின் வரைபடத்தில் வெறும் நீலக்கோடாக ஓடும் நீருக்கு அங்கே பெயர் உண்டு. அவற்றைத் தொகுக்க விரும்பும் மாணவர் ஒரு மொழியியல் துறையின் வினாநிரலோடு கோடையில் குடியிருப்புக்குச் சென்று உட்கார்ந்தால் பாதிப் பெயர்களே கிடைக்கும். ஓடையருகே நின்று கேட்க வேண்டும். அதற்கு ஓடையில் நீர் இருக்க வேண்டும். பாதை தை நடுவில் திறந்து மாசியில் அடைபடுகிறது.